வேலைக்கும் காட்டுப்பாதைக்கும் ஒரே வண்டி: சைடு பை சைடு வாங்குமுன் எதை எதோடு ஒப்பிடுவது

ஷோரூமில் வரிசையாக நிற்கும் சைடு பை சைடு வண்டிகள் (பண்ணையிலும் காட்டுப்பாதையிலும் ஓட்டும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சிறு நான்கு சக்கர வண்டிகள்) வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார இடம், தலைக்கு மேல் கம்பிக் கூண்டு, பின்னால் சாய்த்துக் கொட்டும் பெட்டி, நான்கு தடித்த டயர்கள். விலை அட்டையில் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறன். அதிலிருந்து ஒப்பிடத் தொடங்கினால் தவறான வண்டி வீட்டுக்கு வந்து சேரும்.

போலாரிஸ் நிறுவனத்தின் இரண்டு வண்டிகளைப் பாருங்கள். ரேஞ்சர் எக்ஸ்பி 1000 வண்டிக்கு 82 குதிரைத்திறன். பெட்டியில் 1,000 பவுண்டு ஏற்றலாம், 2,500 பவுண்டு இழுக்கலாம். அதே நிறுவனத்தின் ஜெனரல் எக்ஸ்பி 1000 வண்டிக்கு 100 குதிரைத்திறன். பெட்டிக்கு 600, இழுவைக்கு 1,500 பவுண்டுதான். குதிரைத்திறன் கூடியது, சுமை சிறுத்தது. ஜெனரல் கல்லும் பள்ளமும் நிறைந்த பாதையில் வேகமாகப் போவதற்கான வண்டி. சக்கரம் அதிக உயரம் ஏறி இறங்க வேண்டும், அதற்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். மென்மையான ஸ்பிரிங் மேல் அரை டன் சரளை ஏற்றினால் வண்டியின் பின்புறம் தரையைத் தொடும், முன் டயர்களில் பிடி குறையும். இந்த இழுபறிதான் எல்லா ஒப்பீட்டுக்கும் அடிப்படை.

இங்கே சொல்வதெல்லாம் வட அமெரிக்கச் சந்தையையும் அங்குள்ள பாதைகளையும் வைத்து. அளவுகள் அங்கே வழங்குகிறபடி பவுண்டிலும் அங்குலத்திலும் இருக்கின்றன: 1 பவுண்டு சுமார் 0.45 கிலோ, 1 அங்குலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

படி 1: வேலையை மணிக்கணக்கில் எழுதுங்கள்

ஒரு தாளில் வருடம் முழுக்க இந்த வண்டி செய்யப்போகும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் குறியுங்கள். விறகு ஏற்றுவது, வேலி போடுவது, மருந்து தெளிப்பது, பனி தள்ளுவது, மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோவது, வார இறுதியில் காட்டுப்பாதை. கடைக்காரர் "இரண்டுக்கும் சரியாக வரும்" என்று சொல்லும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

கணக்கு பாதிக்குப் பாதி வந்தால் வேலை வண்டிப் பக்கம் சாய்வதே நல்லது. வேலை வண்டியைக் காட்டுப்பாதைக்குக் கொண்டுபோனால் உடம்பு குலுங்கும், மெதுவாகப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உல்லாச வண்டியில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினாலோ பெல்ட், ஸ்பிரிங், சக்கர பேரிங் என்று வரிசையாகச் செலவு வைக்கும்.

படி 2: அகலத்தை அளந்துவிட்டு மற்றதைப் பாருங்கள்

முழு அளவு சைடு பை சைடு ஏறக்குறைய 60 முதல் 64 அங்குல அகலம் இருக்கும். இந்த ஒரு எண் மூன்று இடங்களில் தடுக்கும்.

முதலாவது, பாதை. அமெரிக்க வனத்துறை ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் எந்தப் பாதையில் எந்த மோட்டார் வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடத்தை இலவசமாக வெளியிடுகிறது. அதில் "50 அங்குலமும் அதற்குக் குறைந்த அகலமும் உள்ள வண்டிகள்" என்று ஒரு தனி வகை உண்டு. நீங்கள் போக நினைக்கும் பாதைகள் பெரும்பாலும் அந்த வகையில் இருந்தால், 62 அங்குல வண்டி வாசலிலேயே நின்றுவிடும். மின்னசோட்டா மாநிலத்தில் 50 அங்குலம் வரை உள்ள வண்டி முதல் வகுப்பு, அதற்கு மேல் 65 அங்குலம் வரை இரண்டாம் வகுப்பு. 50 அங்குலத்துக்குள் வேலையும் பார்க்க ஒரு வண்டி வேண்டுமென்றால் ஹோண்டா பயனியர் 520 போன்ற ஓரிரண்டுதான் கிடைக்கும். இழுவை 1,000 பவுண்டு போதும் என்று திருப்திப்பட வேண்டும். போலாரிஸ் ரேஞ்சர் எஸ்பி 570 அகலம் 56 அங்குலம். மரங்களுக்கு நடுவே வளைந்து போவதற்கு அது வசதிதான், ஆனால் 50 அங்குலப் பாதைக்கு அதுவும் ஆகாது.

இரண்டாவது, டிரெய்லர். ஐந்தடி டிரெய்லரின் உள் அகலம் 60 அங்குலம். 62 அங்குல வண்டி அதில் ஏறாது. புதிதாக வாங்குபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. 76 அல்லது 77 அங்குல உள் அகலம் உள்ளதைத் தேடுங்கள். எடையையும் பாருங்கள்: 2,990 பவுண்டு மொத்த எடைக்கான ஒற்றை அச்சு டிரெய்லர் தானே 1,000 பவுண்டு இருந்தால் வண்டிக்கு மிச்சம் 1,990 பவுண்டு. கண்ணாடி அறையும் ஹீட்டரும் கொண்ட டீசல் வண்டி அதைத் தாண்டிவிடும். நான்கு மூலையிலும் ராட்செட் பட்டை போட்டு, சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும்வரை இறுக்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுக் கேட், கொட்டகைக் கதவு. உயரத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். கூரை போட்ட வண்டி ஆறடிக்கு மேல் வரும், ஏழடிக் கதவில் நுழையும்போது மேலே விளக்குப் பட்டை மாட்டியிருந்தால் அதுதான் முதலில் உடையும்.

படி 3: சுமைக் கணக்கு

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெட்டியின் கொள்ளளவு. கையேட்டுக்குள் சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும்: வண்டி தாங்கக்கூடிய மொத்தச் சுமை. ஓட்டுநர், பக்கத்தில் இருப்பவர், பின்னால் மாட்டிய உபகரணங்கள், பெட்டியில் உள்ள பொருள், டிரெய்லர் கொக்கி மேல் இறங்கும் பாரம் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

மொத்தச் சுமை 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கூரை, கண்ணாடி, கதவுகள் சேர்ந்து 250. இரண்டு பேர், குளிர்கால உடையோடு 400. சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் மின் உருளையான வின்ச்சும் பனி தள்ளும் பலகையும் 150. 1,500 பவுண்டு டிரெய்லரை இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 பவுண்டு, கொக்கி மேல் வரும். கழித்தால் மிச்சம் 550. பெட்டியின் பக்கவாட்டில் 1,000 என்று எழுதியிருந்தாலும் அன்றைக்கு நீங்கள் ஏற்றலாம் என்பது 550 பவுண்டுதான்.

பெட்டி நிறைவதற்கும் சுமை நிறைவதற்கும் சம்பந்தம் இல்லை. 54 அங்குல அகலம், 36 அங்குல நீளம், 12 அங்குல ஆழம் உள்ள பெட்டி 13.5 கன அடி கொள்ளும். சரளை ஒரு கன அடி ஏறத்தாழ 100 பவுண்டு. விளிம்பு வரை நிரப்பினால் 1,350 பவுண்டு. பெரும்பாலான வண்டிகளுக்கு அது அதிகம். பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சை ஓக் விறகு அதே பெட்டியில் சுமார் 500 பவுண்டு வரும். அதைத் தாராளமாக நிரப்பலாம். தண்ணீர் ஒரு அமெரிக்க காலன் 8.34 பவுண்டு, ஆக 55 காலன் பீப்பாய் 460 பவுண்டு. தெளிப்புத் தொட்டியில் இன்னொரு ஆபத்து உண்டு: பாதி நிரம்பிய தொட்டி சரிவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியாக வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோண்டா பயனியர் 1000 பெட்டிக்கு மற்ற மாநிலங்களில் 1,000 பவுண்டு, அங்கே 600 என்று அச்சிட்டிருப்பார்கள். அட்டவணைகளை ஒப்பிடும்போது எந்த மாநிலத்துக்கான எண் என்று பாருங்கள்.

எடையை முன்பக்கமாக, கீழே வைத்து, கட்டிவிடுங்கள். பெட்டியில் ஆளை ஏற்றாதீர்கள்; பத்தடி தூரத்துக்குக்கூட வேண்டாம். கூண்டு காப்பாற்றுவது கூண்டுக்குள் பெல்ட் போட்டு இருப்பவரை மட்டுமே. வண்டி சாயும்போது கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. கை நசுங்குவது அப்படித்தான். வலைக் கதவையும் பெல்ட்டையும் சலிப்பில்லாமல் போடுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. பல கையேடுகள் 15 பாகைக்கு மேல் சரிவு வேண்டாம் என்கின்றன. டிரெய்லர் இழுக்கும்போது மணிக்கு 10 மைலைத் தாண்டாதே என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. சுமையோடு இருக்கும்போது சரிவுக்குக் குறுக்கே போகாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

படி 4: எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது

ஒப்பிடுவதில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வண்டியின் குணமும் பழுதும் இங்கிருந்துதான் வருகின்றன.

பெரும்பாலான வண்டிகளில் ரப்பர் பெல்ட் உண்டு. போலாரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், கவாசாகி மியூல், ஜான் டியர் கேட்டர் எக்ஸ்யுவி, யமஹா எல்லாம் இந்த வகை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே அகலமான பெல்ட் ஓடும். வேகத்துக்கு ஏற்பக் கப்பிகள் விரிந்து சுருங்கி கியர் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எளிய அமைப்பு, மென்மையான ஓட்டம். பிரச்சினை ஒன்றே ஒன்று: கப்பி பெல்ட்டை அழுத்திப் பிடிக்காத நேரத்தில் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் எரியும்.

எப்போது வழுக்கும்? ஹை கியரில் சுமையோடு மெதுவாகப் போகும்போது. டிரெய்லரில் ஏற்றும்போது. சேற்றில் சிக்கிக்கொண்டு பெடலை மிதித்துக்கொண்டே இருக்கும்போது. ஆகவே புதியவர் முதலில் பழகவேண்டிய விதி: மணிக்கு 7 மைலுக்குக் கீழே போகப்போகிறீர்கள் என்றால், பாரம் இழுக்கிறீர்கள் என்றால், பாறை ஏறுகிறீர்கள் என்றால், வண்டியை முழுமையாக நிறுத்தி லோ கியர் போடுங்கள். லோவில் எஞ்சின் சத்தம் கூடக் கேட்கும். "எஞ்சினைப் பிழிகிறோமோ" என்று பயந்து ஹைக்குப் போகிறவர்களே பெல்ட்டை எரிக்கிறார்கள்.

எரிந்த பெல்ட்டை வாசனையே காட்டிக்கொடுக்கும். அதற்கு முன் சில அறிகுறிகள் வரும். நிற்கும் இடத்திலிருந்து கிளம்பும்போது குலுக்கல், வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் கத்துவது. சக்கரம் அசையாமல் நின்றபடி கப்பி மட்டும் சுழன்றால் பெல்ட்டின் ஒரே இடம் தேய்ந்து இடுப்புபோல் குறுகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "தப்" சத்தம் கேட்கும். அப்படி ஒருமுறை ஆன பெல்ட் சரியாகாது.

பெல்ட் மாற்றுவதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள், காட்டில் முதல்முறை செய்யாதீர்கள். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, நீளம் குட்டை கலக்காமல் வரிசையாக வையுங்கள். வண்டியோடு வரும் விரிப்புக் கருவியால் பின் கப்பியை விரித்துப் பெல்ட்டை உருவுங்கள். அறுந்த பெல்ட்டாக இருந்தால் நூல் துணுக்குகள் கப்பிக்குப் பின்னால், அச்சுத் தண்டைச் சுற்றி, சிக்கியிருக்கும். ஒன்றுகூட விடாமல் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆயில் சீலை அறுத்துவிடும். இரண்டு கப்பியின் முகத்தையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். புதுப் பெல்ட்டைக் கிரீஸ் கையால் தொடாதீர்கள். அம்புக்குறி சுழலும் திசையில், எழுத்துகள் நேராகப் படிக்கும்படி மாட்டுங்கள். விரிப்புக் கருவியைக் கழற்ற மறந்து மூடி போடுவதும் நடக்கிறது. புதுப் பெல்ட்டுக்கு முதல் 50 மைல் வரை பாரம் இழுக்காமல், ஒரே வேகத்தில் போகாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

நீரோடை கடந்தபின் பெல்ட் வழுக்கினால் உறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடியில் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து வடியவிட்டு, நியூட்ரலில் எஞ்சினை விட்டுவிட்டுக் கூட்டினால் காய்ந்துவிடும். மாற்றுப் பெல்ட் ஒன்றும் கருவிகளும் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவது வகை, பெல்ட் இல்லாத கியர் வண்டி. 2016 மாடலாக வந்த ஹோண்டா பயனியர் 1000 இரட்டை கிளட்ச் தானியங்கி ஆறு கியரோடு வருகிறது. பயனியர் 700 தானியங்கிக் கியர் காரில் இருப்பதுபோன்ற டார்க் கன்வர்ட்டரும் (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் அமைப்பு) மூன்று கியரும் கொண்டது. எரிவதற்குப் பெல்ட் கிடையாது. தண்ணீர், சேறு, நாள் முழுக்கச் சுமை எதற்கும் இந்த வகை சளைக்காது. இறக்கத்தில் எஞ்சின் நன்றாகப் பிடித்து நிறுத்தும். குறை என்னவென்றால் கியர் மாறுவது உடம்புக்குத் தெரியும், மிகமெதுவாக ஊர்ந்து போகும்போது சற்றுத் துள்ளும். எஞ்சின் எண்ணெயைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும், ஏனென்றால் இரட்டை கிளட்ச் அந்த எண்ணெயில்தான் மூழ்கி ஓடுகிறது.

மூன்றாவது, ஹைட்ரோஸ்டாடிக். குபோட்டா ஆர்டிவி-எக்ஸ்1100சி இந்த வகை. எண்ணெய் அழுத்தத்தால் ஓடும். பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக மெதுவாகி நிற்கும். முன்னும் பின்னுமாக நூறு முறை போய்வருகிற பனி தள்ளும் வேலைக்கும் தொழுவ வேலைக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் வேகம் மணிக்கு 30 மைலை எட்டாது, எரிபொருளில் ஒரு பங்கு எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போய்விடும். காட்டுப்பாதையில் நண்பர்களின் வண்டிகளைப் பிடிக்க முடியாது.

படி 5: நான்கு சக்கர இழுவையும் இறக்கமும்

"நான்கு சக்கர இழுவை" என்று எல்லா அட்டையிலும் இருக்கும்; எப்படி என்று கேளுங்கள். சிலவற்றில் பின் சக்கரம் நழுவிய பிறகே முன் சக்கரத்துக்குச் சக்தி போகும். சிலவற்றில் விசையைப் போட்டதும் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். முதல் வகை திருப்பத்தில் இலகு. இறக்கத்தில் மட்டும் முன் சக்கரம் தாங்கிப் பிடிக்காமல் விட்டுவிடும்; இறக்கக் கட்டுப்பாடு என்று தனி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் வண்டியில் எஞ்சின் சுற்று குறைந்து பெல்ட்டின் பிடி விட்டால் வண்டி சைக்கிள்போல் தானாக உருளத் தொடங்கும். மேட்டு உச்சியிலேயே நிறுத்தி, லோ போட்டு, பெடலை இலேசாக மிதித்தபடி இறங்கத் தொடங்குங்கள்.

பின் டிஃபரன்ஷியலை, அதாவது இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பை, திறந்துவிடும் வசதி உள்ள வண்டியாக வாங்குங்கள். புல்வெளியில் திரும்பும்போது பூட்டிய பின் அச்சு புல்லைப் பிடுங்கிவிடும், கான்கிரீட்டில் டயரையும் அச்சையும் தேய்க்கும்.

படி 6: எஞ்சின்

பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் டிராக்டரில் இருக்கிறது. பண்ணையில் ஏற்கெனவே டீசல் தொட்டி இருந்தால் டீசல் வண்டி சௌகரியம். குபோட்டாவின் டீசல் எஞ்சின் 24.8 குதிரைத்திறன் என்று விநோதமான எண்ணில் நிற்பதற்குக் காரணம் உண்டு: அமெரிக்கப் புகை விதியில் 19 கிலோவாட், அதாவது 25 குதிரைத்திறனுக்குக் கீழே உள்ள எஞ்சின்களுக்கு விதி தளர்வு, புகைத்துகள் வடிகட்டி இல்லாமலே சமாளிக்கலாம். ஆக அந்த எண்ணைப் பார்த்து "பலவீனமான வண்டி" என்று தள்ளிவிடாதீர்கள்.

மின்சார வண்டி தேவையென்றால் ரேஞ்சர் எக்ஸ்பி கைனடிக் இருக்கிறது: 110 குதிரைத்திறன், 14.9 அல்லது 29.8 கிலோவாட்-மணி பேட்டரி, நிறுவனம் சொல்லும் தூரம் 45 அல்லது 80 மைல். தொழுவம், வேட்டை நிலம், பழத்தோட்டம் என்று தினமும் வீடு திரும்பும் வேலைக்கு அருமை. பாரம் இழுத்தாலும் குளிர் கடுமையானாலும் அந்தத் தூரம் சுருங்கும். நாள் முழுக்கக் காட்டுப்பாதை என்றால் வேண்டாம்.

படி 7: பெயர் பெயராக

முழு அளவு வேலை வண்டிகளில் ரேஞ்சர் எக்ஸ்பி 1000-க்கும் டிஃபெண்டர் எச்டி10-க்கும் காகிதத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்: இரண்டும் 82 குதிரைத்திறன், இரண்டும் 2,500 பவுண்டு இழுவை. இவற்றுக்குள் தேர்வு செய்ய எது அருகில் உள்ள டீலர் என்பதே போதும். ஒருமணி நேரத் தூரத்தில் பெல்ட்டும் ஃபில்டரும் கையிருப்பில் வைத்திருக்கும் கடை, இரண்டு குதிரைத்திறன் வித்தியாசத்தைவிட மதிப்பு மிக்கது.

கவாசாகி மியூல் புரோ-எஃப்எக்ஸ்டி 812 சிசி மூன்று சிலிண்டர், 2,000 பவுண்டு இழுவை. இதன் சிறப்பு பின் இருக்கையை மடித்துப் பெட்டியை நீட்டிக்கொள்வது: மூன்று பேர் என்றால் 1,000 பவுண்டு, ஆறு பேர் என்றால் 350. காலையில் விறகு, மாலையில் குடும்பம் என்று இருப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும் உயரம் ஒன்பது அங்குலத்துக்குள்தான், பாறைப் பாதையில் முதுகு சொல்லும். ஜான் டியர் கேட்டர் எக்ஸ்யுவி835 கண்ணாடி அறை, ஏசி, ஹீட்டரோடு வாங்குபவர்களுக்கு. தூசியில் நாள்முழுக்க வேலை என்றால் அதன் அறை நன்றாக மூடுகிறது. யமஹா வுல்வரின் ஆர்மேக்ஸ்2 1000 பெட்டிக்கு 600, இழுவைக்கு 2,000 பவுண்டு; பாதைக்கு முன்னுரிமை, கொஞ்சம் வேலை என்று கணக்கு வந்தவர்கள் ஜெனரலையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பாதையே வேண்டாம், நிலத்துக்குள் மட்டும்தான் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 25 வருடம் கடந்த ஜப்பானியக் குட்டி லாரிகளை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யலாம். நம்மூர் குட்டியானை போன்ற அந்த வண்டி நீளமான பெட்டியோடு, புது சைடு பை சைடு விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். சாலையில் ஓட்டும் அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கவிழ்ந்தால் காக்கும் கூண்டும் கிடையாது.

படி 8: கூடுதல் பொருள்களில் ஏமாறாமல் இருக்க

அட்டை விலையில் கூரை, கண்ணாடி, வின்ச் பல மாடல்களில் சேராது. சரக்குக் கட்டணமும் தயார்ப்படுத்தும் கட்டணமும் தனி. எல்லாம் சேர்த்த விலையை எழுதி வாங்கிய பிறகே இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள்.

முன் கண்ணாடி மட்டும் போட்டால் தூசி நிற்கும் என்று நினைப்பது தவறு. பின்பக்கம் திறந்திருந்தால் காற்று சுழன்று தூசியைப் பின்னாலிருந்து முகத்துக்கே இழுத்துவரும். முன் கண்ணாடி வாங்கினால் பின் தடுப்பும் சேர்த்து வாங்குங்கள்.

பனி தள்ளும் பலகையின் அகலத்தைக் கோணத்தில் கணக்கிடுங்கள். 72 அங்குலப் பலகையை 30 பாகை சாய்த்தால் 62 அங்குலம்தான் துடைக்கும். 62 அங்குல வண்டிக்கு 66 அங்குலப் பலகை வாங்கினால் உங்கள் டயரே தள்ளாத பனியில் ஏறும்.

பெரிய டயர் மாட்டும் ஆசை பலருக்கு வரும். டயர் பெரிதானால் கியர் விகிதம் உயர்கிறது, பெல்ட் இன்னும் சூடாகிறது, அச்சு முறிகிறது. நிறுவனம் கொடுத்த அளவிலேயே தடித்த, எட்டு அடுக்குத் தரம் உள்ள டயருக்கு மாறுவது பாறைக்கும் முள்ளுக்கும் போதும். காற்றழுத்தம் முன்னும் பின்னும் வேறு வேறாக இருக்கும். ஓட்டுநர் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள்.

வின்ச் முழுப் பாரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். எஞ்சினின் மின்னாக்கி அதை ஈடுகட்டாது. சில நொடி இழுத்து, நிறுத்தி, மீண்டும் இழுங்கள்.

படி 9: ஓட்டிப் பார்ப்பதும் பழையது வாங்குவதும்

வேலைக்குப் போடும் அதே பூட்ஸோடு போங்கள். பத்துமுறை ஏறி இறங்குங்கள், அதில் கால் எங்கே தட்டுகிறது என்று தெரியும். பெட்டியில் நான்கு மணல் மூட்டை போட்டு மேடு ஏறுங்கள், பின்பு ரிவர்ஸில் ஏறுங்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு இருக்கைக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் வெப்பம் தொடையில் தெரியும். எண்ணெய்க் குச்சி, ஏர் ஃபில்டர், பேட்டரி, பெல்ட் மூடி நான்கையும் சக்கரம் கழற்றாமல் எட்ட முடிகிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். எட்ட முடியாத ஃபில்டரை யாரும் துடைப்பதில்லை.

பழைய வண்டி என்றால் மீட்டரில் மணியையும் மைலையும் சேர்த்துப் படியுங்கள். 500 மணி, 3,000 மைல் என்றால் சராசரி 6 மைல் வேகம்: பண்ணையில் நின்று நின்று ஓடிய வண்டி. 300 மணியில் 5,000 மைல் என்றால் சராசரி 17: பாதையில் விரட்டியிருக்கிறார்கள். முதலாவதில் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், இரண்டாவதில் சஸ்பென்ஷன் புஷ்ஷும் சக்கர பேரிங்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிர் ஸ்டார்ட் பழுதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அச்சின் ரப்பர் உறைகளில் கிழிசல், சட்டகத்தின் பற்றவைப்பில் புதுப் பெயின்ட், பெல்ட் உறைக்குள் கருந்தூள் ஆகியவற்றைத் தேடுங்கள். 17 இலக்க வண்டி எண்ணை டீலரிடம் கொடுத்தால் திரும்ப அழைப்பு (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியை அழைக்கும் ரீகால்) வேலை பாக்கி இருக்கிறதா என்று சொல்வார்கள். எரிபொருள் கசிவு, தீ அபாயம் சார்ந்த அழைப்புகள் இந்த வகை வண்டிகளில் அபூர்வமல்ல.

படி 10: முதல் 25 மணி நேரம்

புது வண்டிக்கு முதல் சர்வீஸ் பெரும்பாலும் 20 அல்லது 25 மணியில் வரும். எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும் அப்போது மாற்றியாக வேண்டும். புது எஞ்சினின் உலோகத்தூள் அதில்தான் இருக்கிறது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு சக்கர நட்டுகளைத் திருகுவிசைச் சாவியால் சரிபாருங்கள், அலுமினியச் சக்கரம் என்றால் மறுபடியும் ஒருமுறை. முதல் மாதம் முழுச் சுமையில் பாதியோடு நிறுத்துங்கள்.

காட்டுப்பாதைக்குப் போகுமுன் மூன்று சரிபார்ப்பு. வனத்துறை அங்கீகரித்த தீப்பொறித் தடுப்பி சைலன்சரில் இருக்கிறதா; கூட்டாட்சி நிலத்தில் அது இல்லாமல் போகக்கூடாது. அந்த இடத்துக்கான அனுமதிச் சீட்டு இருக்கிறதா. மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மக்காய் பாதைகளில் அனுமதியும் ஹெல்மெட்டும் கட்டாயம். ஓட்டப்போகிறவருக்கு 16 வயது நிறைந்திருக்கிறதா, கால் பெடலைத் தாராளமாக எட்டுகிறதா.

திரும்பி வந்ததும் ரேடியேட்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குழாயின் சாதாரண அழுத்தத்தில் கழுவுங்கள். அழுத்தத் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று அடைபடும், அடுத்த முறை மேடேறும்போது சூடு விளக்கு எரியும். சைலன்சரைச் சுற்றியும் எஞ்சின் அடித்தகட்டின் மேலும் சேர்ந்த காய்ந்த புல்லை, வண்டி ஆறிய பிறகு, கையாலேயே இழுத்து எடுங்கள். வைக்கோல் வயலில் ஓடிய நாளில் இரண்டு முறை. ஏர் ஃபில்டரைத் தூசி நிறைந்த நாட்களில் ஓட்டம் முடிந்ததும் திறந்து பாருங்கள். ஃபில்டர் இருக்கும் பெட்டிக்குள் தூசி படிந்திருந்தால் ஃபில்டரைத் தட்டிவிட்டு மாட்டாதீர்கள், புதியது போடுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கமும் விரலில் தூசி ஒட்டினால் குழாய் இணைப்பில் இடைவெளி இருக்கிறது, அதை மூடாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.